நாற்பத்தேழாம் வினா

நாற்பத்து மூன்றாவது வினாவுக்குப் பதில் சொல்ல அமைச்சர் எழுந்தபோதே சீரங்கனுக்கு அந்த நாற்றம் வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது இந்த எழவு? பேரவை மண்டபம் முழுக்கக் குளிர் ஓடுகிறது, காலையில் தரையைத் துடைத்து மல்லிகை மணக்கிற தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், பக்கத்து இருக்கைத் தெய்வநாயகம் ஏலக்காயை மென்று மென்று ஊதுகிறார், அத்தனையையும் ஓரமாய்த் தள்ளிவிட்டு அது வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. புளித்துப்போன மாவு, அழுகிய கிழங்குத் தோல், அதற்கடியில் செத்த பெருச்சாளி. முப்பது வருசப் பழக்கம், தப்பாது. சேகோ ஆலைத் தண்ணீர் நாறுகிற நாற்றம். முகம் குனிந்து தோள்பட்டையை மோந்து பார்த்தார். சட்டைதான். சே, சட்டையா! கஞ்சி போட்டு மடமடவென்று நிற்கிற வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டையில் வேர்வை பட்ட இடம் நசநசத்துப் புளிக்கிறது. ஜவ்வரிசிக் கஞ்சி அல்லவா? செங்கரடு தொகுதிக்கு மூன்று தடவை எம்.எல்.ஏ., மூன்று தடவையும் இதே கஞ்சி, இதே விறைப்பு. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்து ஜவ்வரிசி பண்ணுகிற ஆலை ஒரு வாசலில் வெள்ளையைத் தள்ளும், இன்னொரு வாசலில் கறுப்புத் தண்ணீரை ஆவாரங்காட்டூர் ஏரிக்குள் தள்ளும். வெள்ளை சீரங்கன் முதுகுக்கு, கறுப்பு ஊர்க்காரன் கிணற்றுக்கு. நல்ல பாகப்பிரிவினை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், தாள் இருந்தது. நாற்பத்தேழாவது வினா அவருடையது. ஆவாரங்காட்டூர் ஏரி மாசடைந்திருப்பதை அரசு அறியுமா? அவ்வளவுதான் அச்சில் இருக்கிறது, அதற்கு அமைச்சர் எழுதி வைத்த ஒரு பதிலை வாசிப்பார். பையில் இருக்கிற தாளில்தான் விசயம் இருக்கிறது. பதில் வந்த பிற்பாடு எழுந்து கேட்கிற துணைக்கேள்வி. அதே ஏரிக்கரையில் அதே ஆலையின் இரண்டாவது பிரிவுக்கு அனுமதி தரப்போகிறீர்களா, ஊரின் கடைசி நல்ல கிணற்றுக்கு நூறு அடியில் கழிவுநீர் வாய்க்கால் வெட்டுவது உங்களுக்குத் தெரியுமா. நாலு வரி. நாலு நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து நாலு வரி. இதற்கு அமைச்சர் அவையில் ஏதாவது ஒன்று சொல்லி அது குறிப்பில் ஏறிவிட்டால் போதும், அதை வைத்துக் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம் என்று ஊர்க்காரர்களின் வக்கீல் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழ வேண்டும், கேட்க வேண்டும், உட்கார வேண்டும். இதற்கா இந்த வேர்வை?

தட தட தடவென்று மேசைகள் அதிர்ந்தன. என்னவாம்? யாரோ ஒரு உறுப்பினர் தன் ஊருக்கு மீன் சந்தை கேட்டிருக்கிறார், அமைச்சர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த இல்லையை எவ்வளவு அழகாய்ச் சொன்னார்! தலைவர் அவர்களின் பொற்கால ஆட்சியில், என்று ஆரம்பித்து ஒரு நிறுத்து நிறுத்தினார் பாருங்கள், அந்த இடைவெளி தட்டுவதற்கென்றே விட்டது, மேளக்காரன் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பது போல எல்லாக் கையும் காத்திருந்து அதில் விழுந்தது. சீரங்கன் கையும் விழுந்தது. விழுந்த பிறகுதான் விழுந்ததே தெரிந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்புக் காய்த்திருக்கிறது, மண்வெட்டி பிடித்த காய்ப்பு இல்லை இது. முதல் தடவை ஜெயித்து வந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த உறுப்பினர்தான் தோளில் கை போட்டுச் சொல்லிக்கொடுத்தார். “பேசத் தெரியணும்னு யாரும் எதிர்பாக்கல சீரங்கா. தட்டத் தெரியணும். தலைவர் பேரு காதுல விழுந்தா கை தன்னால எழணும். யோசிச்சுத் தட்டுறவன மேல இருக்கறவங்க கண்டுபிடிச்சிருவாங்க.” யோசிக்காமல் தட்டப் பழகினார். நன்றாகவே பழகினார், இந்த ஒரு பாடத்தில் அவரை அடிச்சிக்க ஆள் இல்லை. அதிலும் தன் தொகுதியின் பேர் வந்தால் அந்த உறுப்பினர் மற்றவர்களைவிட ஒரு தட்டு அதிகமாய்த் தட்ட வேண்டும், அது முறை. வீட்டில் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், டி.வி.யில் தலைவர் பேர் வந்தது, சாப்பாட்டு மேசையில் தடதடவென்று தட்டினார், ரசம் கிண்ணத்தோடு கவிழ்ந்து மனைவி தனக்கொடி மடியில் ஓடியது. அவள் சுட்டுக்கொண்டதைக்கூடச் சொல்லவில்லை. “ஏனுங்க, இங்க யாரு பாக்கறாங்கன்னு தட்டுறீங்க?” என்றாள். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆள் பார்க்கத் தட்டினால் அது நடிப்பு, பிழைப்பு, சரி. ஆளில்லாத இடத்தில் தட்டினால் அதற்கு என்ன பேர்? தூ.

நாற்பத்து நான்கு. இன்னும் மூன்று. பார்வையாளர் மாடத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார், பார்த்துவிட்டார். இரண்டாவது வரிசையில் பாவாயி. பச்சைச் சேலை, நிமிர்ந்த முதுகு, பக்கத்தில் ஆவாரங்காட்டூர்க்காரர்கள் மூன்று பேர், நாலு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கையைக் கட்டும்படி காவலர் சொல்லியிருப்பார். பாவாயியா கையைக் கட்டுகிறவள்? இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் படியில் அவள் நின்ற நிற்பு! கல்யாணமாகி வந்து ஆறு மாசம் ஆகியிருக்காது, மஞ்சள் தாலிக்கயிறு வெளுக்கவில்லை, இடுப்பில் குடம். குடத்தில் ஏரித்தண்ணீர். முன்னால் சீரங்கன், லாரியில் கிழங்கு மூட்டை ஏற்றுகிற சீரங்கன், முப்பது வயசு, சட்டை கிடையாது, பனியன், இரண்டு கையிலும் வாளி. உள்ளே போகாதே என்று போலீஸ் மறித்தது. “நாங்க தினமும் இதையேதான் மோந்துக்கிட்டு இருக்கறோம், ஒரு நாளைக்கு நீங்க மோந்து பாருங்க சாமி,” என்று கத்திவிட்டு வாளியைக் கவிழ்த்தார், பாவாயி குடத்தைக் கவிழ்த்தாள், கறுப்பாய்க் குழகுழவென்று படிக்கட்டில் இறங்கிய அந்தத் தண்ணீரைப் பார்த்து கலெக்டர் ஆபீஸே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. பதினோரு நாள் ஜெயில். வெளியே வந்தபோது மாலை, பறை, தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். கட்சி அங்கேதான் கண் வைத்தது. வாளிச் சீரங்கன் என்று சுவரில் எழுதினார்கள், வாளிச் சீரங்கனுக்கே உங்கள் ஓட்டு. முதல் தேர்தலில் தோற்றார், இரண்டாவதில் ஜெயித்தார், அதன் பிறகு தோல்வியே கிடையாது. நாறின தண்ணீர் கொடுத்த பதவி. அந்த நாற்றம் நின்றிருந்தால் சீரங்கன் இன்றைக்கும் மூட்டைதான் தூக்கிக்கொண்டு இருப்பார், நிற்காமல் பார்த்துக்கொண்டாரா? இல்லை, அப்படி இல்லை, அபாண்டம். நிறையச் செய்தார். நிழற்குடை பதினெட்டு, சத்துணவுக்கூடம் ஒன்பது, ஆழ்குழாய்க் கிணறு எண்ணிக்கையே தெரியாது, எல்லாவற்றிலும் கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் பேர். ஆவாரங்காட்டூருக்கு மட்டும் நாலு ஆழ்குழாய்க் கிணறு, நாலிலும் தண்ணீர் கறுப்பாய் வந்தது, நாலையும் மூடினார்கள், கல்வெட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. செத்த கிணற்றின் தலைமாட்டில் தன் பேர். போகும்போதெல்லாம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொள்வார். கண்ணாடியை ஏற்றினாலும் நாற்றம் உள்ளே வரும், டிரைவர் ஊதுபத்தி கொளுத்துவான். ஊதுபத்தியும் நாற்றமும் சேர்ந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், அதற்கு வெறும் நாற்றமே தேவலை.

காலையில் வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொடுக்கும்போது பாவாயி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தாள். கறுப்புத் தண்ணீர் இல்லை, அவள் கிணற்றுத் தண்ணீர். கண்ணாடி மாதிரி தெளிவு. “அண்ணா, கறுப்பக் காட்டிக் காட்டி யாரும் பாக்கல. இந்தத் தடவ நல்லதக் காட்டலாம்னு கொண்டாந்தேன். ஊருல இது ஒண்ணுதான் மிச்சம். முன்னூறு குடும்பமும் எங் கிணத்துலதான் மொண்டுக்கிட்டுப் போகுது. இதுவும் போச்சுன்னா நாங்க ஊர விட்டுத்தான் போவோணும்,” என்றாள். காவலர் பாட்டிலை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார், உள்ளே திரவம் எதுவும் கொண்டுபோகக் கூடாதாம். சீரங்கன் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், நான் எம்.எல்.ஏ. என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்த ஆள் நடுங்கியிருப்பான். போடவில்லை. பாவாயி அதையும் தப்பாய் எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டு, “உள்ள அவங்க பேசறது எங்களுக்கு வெளங்குமாண்ணா? சுத்தத் தமிழுல பேசுவாங்களாம். நம்ம காரியம் கூடுச்சா இல்லையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டாள். அவருக்கு அவசரம், மணி அடிக்கப்போகிறது. “பாவாயி, நல்ல சேதின்னா நாங்க மேசையத் தட்டுவோம். எங் கையப் பாத்துக்க. நான் தட்டுனா நம்ம காரியம் பழமாச்சுன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார். அவளும் பின்னால் இருந்து, “சரிங்கண்ணா, கையவே பாத்துக்கிட்டு இருக்கறேன்,” என்றாள். இப்போதும் பார்க்கிறாள். இத்தனை தூரத்தில் கண் தெரியவில்லை, ஆனால் தலை திரும்பியிருக்கிற பக்கம் தெரிகிறது. சீரங்கன் கையை மேசைக்கடியில் இறக்கித் தொடையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தைந்து வந்த வேகத்தில் போனது, கேட்டவர் வரவில்லை. அடப்பாவி, வரவில்லை! அப்படியும் ஒரு வழி இருக்கிறது. எழுந்து வெளியே போய்விட்டால்? வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்லலாம். பேரவைத் தலைவர் பேரைக் கூப்பிடுவார், இருக்கை காலியாய் இருக்கும், வினா செத்துப்போகும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். மாவட்டமும் சந்தோசப்படும். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர், அந்த மனுசனுக்குப் பேரே கிடையாது, பெண்டாட்டிகூட மாவட்டம் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று கட்சிக்குள் ஒரு பேச்சு. நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது. “என்னப்பா சீரங்கா, நாளைக்கு உன் கேள்வி வருதாமே. கேளு. கேக்கக் கூடாதுன்னு நான் சொல்வனா? மந்திரி பதில் சொல்லுவாரு, நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துரு. துணைக்கேள்வி கிணைக்கேள்வின்னு பழைய வாளியத் தூக்காத.” போனுக்குள் வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. “ஆலை என் மச்சினனோடது, தெரியுமில்ல. அவனுக்கும் எனக்கும் ஆயிரம் சண்ட கெடக்கு, அது வேற. அடுத்த தடவ உன் தொகுதிக்கு யாருன்னு தலைமை ஏங்கிட்டத்தான் கேக்கும். அம்புட்டுத்தான், வைக்கறேன்.” சரிங்க மாவட்டம் என்று சொன்ன வாய் எது? இந்த வாய்தான். போன் வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார், மாவட்டம் பேசினால் எழுந்து நிற்கிற வழக்கம், போனில் தெரியாது என்றாலும். சீட்டு போனால் போகட்டும். போனால் என்ன? வயசு அம்பத்தெட்டு, பென்சன் வரும், தனக்கொடி சந்தோசப்படுவாள். போனால் என்ன என்று நூறு தடவை கேட்டாயிற்று, நூறு தடவையும் ஒரே படம்தான் வந்து நிற்கிறது. கல்யாண வீடு, இவர் உள்ளே நுழைகிறார், யாரும் நாற்காலியைக் காலி பண்ணவில்லை. அவ்வளவுதான் பயம். ஒரு நாற்காலி. முன்னூறு குடும்பத்துத் தண்ணீர் ஒரு தட்டில், கல்யாண வீட்டு முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலி இன்னொரு தட்டில், இந்த நாய் மனசுக்குத் தராசு எந்தப் பக்கம் இறங்கும் என்று இன்னும் தெரியவில்லை. அடேய் சீரங்கா, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்களேடா. கேட்பேன். கேட்டுவிடுவேன். பையிலிருந்து தாளை எடுத்தார், நாலாய் மடித்ததை விரித்து மேசைமேல் வைத்து, குளிர்காற்றில் பறக்காமல் இருக்க வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். கை நடுங்கவில்லை. ஆச்சரியமாய் இருந்தது. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் வாளியைப் பிடித்தபோதும் நடுங்கவில்லை, அதே கைதான். சட்டென்று நெஞ்சு லேசானது. அட, இவ்வளவு சுலபமா! மாவட்டமாவது மண்ணாங்கட்டியாவது. நாற்றம்கூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

நாற்பத்தாறு முடிந்தது. வினா எண் நாற்பத்தேழு, மாண்புமிகு உறுப்பினர் திரு. சீரங்கன், என்றார் பேரவைத் தலைவர். அமைச்சர் எழுந்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சீரங்கன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முதல் வரி, இரண்டாவது வரி, எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே குரல் ஏற வேண்டும். அமைச்சரின் குரல் தலைக்கு மேலே ஓடுகிறது. மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினர் குறிப்பிட்ட ஏரியின் நீர் உரிய முறையில் ஆய்வு செய்யப்பட்டது, மாசு அனுமதிக்கப்பட்ட அளவிலேயே உள்ளது. பொய், பச்சைப் பொய், பேசு பேசு, நீ முடி, நான் வருகிறேன். எழும்போது நாற்காலி கிறீச்சிடும், அதைப் பின்னால் தள்ளிவிட்டு எழ வேண்டும். முதலில் வழக்கமான துதி, அதைச் சுருக்கமாய் முடித்துக்கொண்டு நேரே கிணற்றுக்கு வந்துவிட வேண்டும். நூறு அடி என்று சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேலும், பேரவைத் தலைவர் அவர்களே, செங்கரடு தொகுதி மக்களின் வாழ்வில் ஒளியேற்ற, ஏழைகளின் விடிவெள்ளி, எங்கள் ஒப்பற்ற தலைவர் அவர்களின் ஆணைக்கிணங்க, என்று சொல்லி அமைச்சர் நிறுத்தினார். அந்த நிறுத்தம். தட தட தட தடவென்று ஒரு சத்தம் எழுந்தது. மண்டபம் முழுக்க எழுந்தது, ஆனால் மிக அருகில், மிகப் பலமாய், ஒரு தட்டு அதிகமாய், ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. யார் இந்த மடையன் இப்படித் தட்டுகிறான் என்று சீரங்கன் எரிச்சலோடு குனிந்து பார்த்தார். அவர் கை. தாளின்மேலேயே தட்டிக்கொண்டிருந்தது. நாலு வரியும் அதற்கடியில் கசங்கி, ஒரு மூலை கிழிந்து, மை ஈரமாகி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. சத்தம் அடங்கக் காத்திருந்து அமைச்சர் வாக்கியத்தை முடித்தார். அந்த ஏரிக்கரை ஆலையின் இரண்டாவது பிரிவுக்கு நேற்று அனுமதி வழங்கப்பட்டு, இருநூறு பேருக்கு வேலைவாய்ப்பு உறுதி செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாற்காலியைப் பின்னால் தள்ளினார், அது கிறீச்சிட்டது, எழுந்தார். ஐயா, என்று வாய் திறந்தார், எதிரே இருந்த ஒலிவாங்கியில் விளக்கு எரியவில்லை. பேரவைத் தலைவர் சிரித்த முகத்தோடு கையமர்த்தினார். “வினா எழுப்பிய மாண்புமிகு உறுப்பினரே எல்லோரையும்விடப் பலமாக மேசையைத் தட்டி அமைச்சரின் பதிலை வரவேற்றுவிட்டார். அவர் முழு மனநிறைவு அடைந்தார் என்பதை அவைக்குறிப்பில் பதிவு செய்துகொள்ளலாம். துணைக்கேள்விக்குத் தேவை எழவில்லை. வினா எண் நாற்பத்தெட்டு.” அவை சிரித்தது, நல்ல சிரிப்பு, குடும்பத்துக்குள் சிரிக்கிற சிரிப்பு. ஐயா, இல்லைங்க ஐயா, என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. தெய்வநாயகம் சட்டையின் விறைத்த நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “உக்காருங்க சீரங்கன், பெரிய ஆளுங்க நீங்க. மச்சினன் ஆலைக்கு இவ்வளவு பலமாத் தட்டுனீங்கன்னு மாவட்டம் காதுக்கு இந்நேரம் போயிருக்கும். அடுத்த தடவயும் சீட்டு உங்களுக்குத்தான்,” என்று ஏலக்காய் மூச்சு விட்டார். நாற்றம் திரும்பி வந்துவிட்டது. சட்டையில் இல்லை, கழுத்தில் இல்லை, கையை மூக்கருகே கொண்டுபோனார், கையில். எழு, கத்து, ஒலிவாங்கி இல்லாவிட்டால் தொண்டை இல்லையா, வாளியைக் கவிழ்த்தவன் ஒலிவாங்கி கேட்டா கவிழ்த்தான்? எழவில்லை. எழ மாட்டார் என்று அவருக்கே தெரிந்துபோனது, அதை அறிந்த அருவருப்பு தொண்டைவரைக்கும் வந்து புளித்து நின்றது. பார்க்கக் கூடாது, மாடத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தார். கட்டச் சொன்ன கைகளை அவிழ்த்துவிட்டு ஆவாரங்காட்டூர்க்காரர்கள் நாலு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள், காவலர் உட்காரச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். பாவாயி அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முகமெல்லாம் சிரிப்பு, காரியம் பழமாகிவிட்ட சிரிப்பு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கோயிலில் கும்பிடுவதைப் போல, சீரங்கனைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிடு கண்ணில் பட்டால் திருப்பிக் கும்பிடுவது நாலு தேர்தல் பழக்கம். அவர் கைகள் இரண்டும் தாமாக எழுந்து குவிந்தன.